கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனைக்குச் சபைப் பாடகர் குழுவைத் தயார்செய்வது எப்படி?

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துச் சேகரங்களில் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகளில்) பாடகர் குழு என்றால் பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவர், வீட்டைக் கவனிக்கும் அக்காமார் என்று பலரும் வேலை முடிந்து வந்து சேர்ந்து நிற்கும் குழுதான். இசையைத் தொழிலாகக் கொண்டவர்கள் அதில் அநேகமாக இருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு குழுவை நடத்தும் பொறுப்பு முதல்முறையாக உங்கள் கைக்கு வந்திருக்குமானால், இந்த விளக்கம் உங்களுக்காகத்தான். 18 ஆண்டுகள் ஒரு குழுவின் முன் நின்ற பழக்கத்தில், எதை எந்த வரிசையில் செய்தால் டிசம்பரில் தவிக்க வேண்டியிராது என்பதைச் சொல்கிறேன்.

முதல் படி: நாளைக் குறித்துப் பின்னோக்கி எண்ணுங்கள்

பாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நாளைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர் இரண்டாம் ஞாயிறு மாலை எனக்குப் பிடித்த நாள். அதற்குப் பின் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு நெருக்கும். கேரல் ரவுண்ட்ஸும் தொடங்கிவிடும். வீடு வீடாகப் பாடிவிட்டு நள்ளிரவுக்குமேல் திரும்பும் தொண்டையைக் கொண்டு நான்கு பார்ட் (பெண்களின் மேற்குரல் சோப்ரானோ, தாழ்குரல் ஆல்டோ, ஆண்களின் மேற்குரல் டெனர், தாழ்குரல் பேஸ் என நான்கு வரிகள்) பாட முடியாது. ஆகவே ஆராதனை ரவுண்ட்ஸுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். மூன்றாம் ஞாயிறை மாற்று நாளாகச் சேகரகுருவிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம் அது. 2023 டிசம்பர் 17, மூன்றாம் ஞாயிறு, எங்கள் பக்கத்தில் பெய்த மழையில் வீட்டைவிட்டு வெளியே கால் வைக்க முடியவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது.

குறித்த நாளிலிருந்து 14 வாரம் பின்னால் போனால் செப்டம்பர் முதல் வாரம் வரும். அங்கிருந்து சனிக்கிழமைதோறும் ஒன்றரை மணி நேரம், கடைசி மூன்று வாரம் மட்டும் வாரம் இருமுறை. தீபாவளியும் மழையும் எப்படியும் இரண்டு மூன்று பயிற்சிகளை விழுங்கிவிடும் என்பதால் இந்தக் கணக்கு தாராளமானது அல்ல.

இரண்டாம் படி: குரல் பார்த்தல்

"நீங்கள் சோப்ரானோவா, ஆல்டோவா?" என்று கேட்காதீர்கள், போன ஆண்டு யார் பக்கத்தில் நின்றார்களோ அதையே சொல்வார்கள். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, வசதியான சுருதியில் டோ (அடிச்சுரம்) முதல் மேல் டோ வரை பாடச் சொல்லி, அரைச் சுரம் அரைச் சுரமாக ஏற்றிக்கொண்டே போய், கழுத்து நரம்பு புடைக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு அதேபோல் கீழே இறக்கிப் பாருங்கள். குரல் எங்கே சிரமமின்றி நிற்கிறது என்பதுதான் முக்கியம்; எங்கே எட்டிப் பிடிக்கிறது என்பது அல்ல.

24 பேர் இருந்தால் சோப்ரானோ 8, ஆல்டோ 6, டெனர் 5, பேஸ் 5 என்பது நல்ல பங்கீடு. ஆல்டோவில் சோல்ஃபா (டோ, ரே, மி என்று சுரங்களை எழுத்தால் குறிக்கும் முறை) நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்களை நிறுத்துங்கள், ஏனென்றால் பக்கத்தில் ஒலிக்கும் மெட்டு அவர்களை இழுத்துக்கொண்டே இருக்கும். குரல் உடையும் வயதில் உள்ள தம்பிகளை டெனருக்கு ஆள் குறைகிறது என்பதற்காக அவசரப்பட்டு அங்கே தள்ளக்கூடாது. ஐந்தாறு சுரத்துக்குள் அடங்கும் வரிகளை மட்டும் பாட விடுங்கள். குரல் நிலைத்தபின் அவர்களே உங்கள் நல்ல டெனர்களாக வருவார்கள்.

மூன்றாம் படி: பாடல் தேர்வு

ஒன்பது வேதபாடங்களும் பாடல்களும் மாறி மாறி வரும் முறை, 1880-இல் இங்கிலாந்தின் ட்ரூரோ நகரில் தொடங்கி, 1918 முதல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தின் வழியாக உலகமெங்கும் பரவியது. அந்தச் சட்டகம் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு மிகவும் உதவும், ஏனெனில் ஒவ்வொரு பாட்டுக்கும் பின் குழு இரண்டு நிமிடம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பத்துப் பாடல் போதும்: நான்கு பார்ட்டில் ஆறு, கீர்த்தனை இரண்டு, சபையார் எழுந்து நின்று பாடும் பாமாலைப் பாட்டு இரண்டு. ஆறில் குறைந்தது மூன்று பாடல் குழுவுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கட்டும்.

கீர்த்தனையை நான்கு பார்ட்டாகப் பிரிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து வரும் அந்த மரபு ராகத்திலும் தாளத்திலும் நிற்பது. கமகம் (சுரத்தின் அசைவு) உள்ள ஒரு வரியை 24 பேர் ஒன்றாகப் பாடி, மிருதங்கமோ தபேலாவோ துணைக்கு இருந்தால் அதுவே நிறைவாக இருக்கும்.

நான்காம் படி: சோல்ஃபாவில் பார்ட் கற்பித்தல்

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பிய டானிக் சோல்ஃபா, மிஷனரிகள் வழியாக இங்கு வந்து இன்றும் நம் குழுக்களின் எழுத்தாக இருக்கிறது. புதியவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும்: தாளின் தலையில் எந்தச் சுரம் டோ என்று எழுதியிருக்கும், நெடுங்கோட்டுக்கு அடுத்த தட்டு (தாள எண்ணிக்கை) அழுத்தமானது, முக்காற்புள்ளி (:) அடுத்த தட்டைப் பிரித்துக் காட்டும், சிறு கோடு வந்தால் முந்தைய சுரத்தை நீட்ட வேண்டும், ஒற்றைப் புள்ளி தட்டை இரண்டாகப் பிளக்கும்.

முதலில் பேஸும் சோப்ரானோவும் கற்றுக்கொள்ளட்டும். அடியும் மேலும் நிலைத்துவிட்டால் நடுவில் வரும் ஆல்டோ, டெனர் குரல்களுக்குப் பிடித்து நிற்க இரண்டு சுவர்கள் கிடைத்துவிடும். ஒவ்வொரு பார்ட்டும் முதலில் சோல்ஃபாவில், பிறகு 'நூ' என்ற ஒரே ஓசையில், அதன்பின்தான் சொற்களுடன். இந்த நடுப்படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். தாண்டினால் சுரமும் சொல்லும் ஒரே நேரத்தில் தடுமாறும். ஒரு பார்ட் பயிலும்போது மற்ற மூன்று பார்ட்டினரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்காமல், தங்கள் வரியை மூடிய வாயால் முனகிக்கொண்டிருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: சொல் கேட்க வேண்டும்

இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். நாம் பாடும் மெட்டுகளில் பல வேறு மொழிச் சொற்களுக்காகப் பிறந்தவை. அவற்றின் நீண்ட சுரங்கள் தமிழின் குறிலையும் நெடிலையும் அறியா. நான் பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டு ஆராதனை முடிந்ததும், கண் பார்வை மங்கிய பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, வீண் வீண்னு ஒரு பாட்டு பாடினீங்களே, அது என்ன பாட்டுப்பா?" என்று கேட்டார். பாட்டுத்தாளை வாசிக்க முடியாத அவருக்குக் காது மட்டுமே துணை. நாங்கள் பாடியது 'விண்'. மூன்று தட்டு நீளும் சுரத்தில் எட்டு சோப்ரானோக்களும் இகரத்தை இழுக்க, வானம் அவருக்கு வீணாகிப் போயிருந்தது.

அன்றிலிருந்து நான் செய்வது இது. புதிய பாட்டு வந்தால் சுரம் தொடுமுன், சொற்களைச் செய்யுள்போல எல்லாரும் உரக்க வாசிக்கிறோம். நீண்ட சுரத்தில் குறில் விழும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுகிறோம்: விண், மண், கண் போன்றவை. அங்கெல்லாம் உயிரை ஒரு தட்டோடு முடித்துவிட்டு, மீதி இரண்டு தட்டையும் மெல்லின ஒற்றின்மேல் நிறுத்துகிறோம்: 'வி' ஒரு தட்டு, 'ண்' இரண்டு தட்டு. ஓசை சற்று ஒடுங்கும், ஆனால் சொல் பிழைத்துக்கொள்ளும். வல்லின ஒற்றில் இப்படி நிற்க முடியாது. அங்கே சுரத்தைச் சுருக்கி, சிறு அமைதி விடுவதே வழி. நீங்களே மொழிபெயர்க்கும் பாட்டானால் 'விண்' இருக்கும் இடத்தில் 'வான்' வைத்தால் நெடில் தானாக நீளும். பாமாலைப் புத்தகத்தில் அச்சான வரிகளை மட்டும் மாற்றாதீர்கள், சபையார் அவற்றை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது லகர ளகரம். கிறிஸ்துமஸ் பாட்டில் 'ஒளி' வராத பக்கமே இல்லை. நாக்கு மடங்காவிட்டால் அது 'ஒலி' ஆகிவிடும். வரி முடிவில் வரும் ர், ல், ன் எல்லாருடைய வாயிலும் ஒரே கணத்தில் விழவேண்டும். எந்தத் தட்டில் என்று தாளில் எழுதி, உங்கள் விரல் மூடும்போது ஒற்று ஒலிக்குமாறு பழக்குங்கள்.

ஆறாம் படி: சுருதியும் மூச்சும்

பக்கவாத்தியம் இல்லாமல் பாடும்போது குழு கீழே இறங்குவது இயல்பு. பெரும்பாலும் இறங்குவரிசையில் ஒவ்வொரு படியையும் கொஞ்சம் பெரிதாக வைப்பதாலும், ஒரே சுரம் பல முறை வரும்போது அசட்டையாக விடுவதாலும் நேர்கிறது. பாட்டு முடிந்ததும் கீபோர்டில் டோவைத் தொட்டுக் காட்டி, எவ்வளவு இறங்கினோம் என்று அவர்களே கேட்கச் செய்யுங்கள். தொடர்ந்து இறங்கும் பாட்டை அரைச் சுரம் உயர்த்திப் பாருங்கள். ஆச்சரியப்படும்படி சுருதி இறங்காமல் நிலைத்துவிடுவதுண்டு. நீளமான வரிகளில் பக்கத்தில் நிற்கும் இருவர் ஒரே இடத்தில் மூச்சு எடுக்கக்கூடாது. யார் எந்தச் சொல்லுக்குப் பின் எடுப்பது என்பதை முன்பே பேசி வைத்துக்கொண்டால், கேட்பவர்களுக்கு வரி அறுபடாது.

ஏழாம் படி: கடைசி வாரமும் அந்த நாளும்

கடைசி இரண்டு பயிற்சிகளை ஆலயத்திற்குள்ளேயே வையுங்கள். உயர்ந்த கூரையின் எதிரொலியில் வேகத்தைச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கும். ஆளுக்கொரு மைக் வேண்டாம், பார்ட்டுக்கு ஒன்று, நான்கடி தள்ளி. மின்சாரம் போனால் கீபோர்டும் போய்விடும் என்பதால் சுருதி காட்டும் டியூனிங் ஃபோர்க் ஒன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். ஒவ்வொரு பாட்டின் முதல் வரியையும் கடைசி வரியையும் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருந்தால், தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கண்கள் உங்களிடம் இருக்கும்.

ஆராதனை நாளில் முழு நிகழ்ச்சியையும் பாடிப் பார்க்காதீர்கள். ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, மூடிய வாயால் பத்து நிமிடம் முனகிக் குரலை எழுப்பி, கடினமான தொடக்கங்களை மட்டும் தொட்டுவிட்டு, வெந்நீர் குடித்து அமைதியாக உட்காருங்கள்.

முடிந்ததும் பாட்டுத்தாள்களை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். பென்சில் குறிகளை அழிக்க வேண்டாம். பார்ட் வாரியாகக் கட்டி, ஆண்டை எழுதி அலமாரியில் வையுங்கள். உயிர்த்தெழுந்த பண்டிகைப் பாடல்களுக்குத் தபசு காலத்தின் 40 நாள் மட்டும் போதாது. ஜனவரி இரண்டாம் சனிக்கிழமையே பயிற்சி என்று கலைவதற்கு முன் அறிவித்துவிடுங்கள்.