நெல் அடுக்குவதற்கு முன்: மில்லுக்கு வெளிச்சூழல் ஆய்வு செய்யும் முறை

வெளிச்சூழல் ஆய்வு என்பது வெளியே நடக்கும் எது அரிசி மில்லின் வரவு செலவைத் தொடும் என்று பார்ப்பது. அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சுற்றாடல், சட்டம் என்று ஆறு பெட்டி கீறிப் பத்திரிகைத் தலைப்புகளால் நிரப்பிய தாள், கடன் விண்ணப்பத்தோடு இணைக்க நல்லது. மில்லுக்கு உதவ வேண்டுமானால் ஒவ்வொரு வரியும் ரூபாவில் முடிய வேண்டும்.

முதலில் ஒரு கேள்வியை எழுதுங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு சிறிய நாட்டரிசி மில் என்றால் கேள்வி இது: தை, மாசியில் வேளாண்மை வெட்டு நடக்கும்போது எவ்வளவு நெல் வாங்கி அடுக்குவது, எத்தனை மாதத்துக்கு? இந்த முடிவைத் தொடாத செய்தி எவ்வளவு பெரிதானாலும் தாளில் இடம் இல்லை.

அடுத்து அடிக்கணக்கு. 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த நாட்டு நெல் விலை கிலோவுக்கு 120 ரூபா. 100 கிலோ நெல்லில் 65 கிலோ அரிசி கண்டால், அரிசிக் கிலோவில் நெல்லின் பங்கு மட்டும் ஏறத்தாழ 185 ரூபா. 2024 டிசெம்பரில் அரசு நாட்டரிசிக்கு விதித்த உச்ச மொத்த விற்பனை விலை கிலோவுக்கு 225 ரூபா. நடுவில் உள்ள 40 ரூபாவுக்குள்தான் கூலி, மின்சாரம், பை, லொறி, வட்டி எல்லாம். தவிடு விற்ற காசு கொஞ்சம் கைகொடுக்கும். இன்றைய விலைகளைப் போட்டு உங்கள் இடைவெளியைக் கண்டுபிடியுங்கள். வெளியே நடக்கும் எதையும் இந்த இடைவெளியில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

அரசியலையும் சட்டத்தையும் சேர்த்தே பாருங்கள். நமக்கு இரண்டும் வர்த்தமானி வழியாகத்தான் வருகின்றன. நெல் 5 ரூபா ஏறினால் அரிசியில் 7 ரூபா 70 சதம் ஏறும், ஆனால் உச்ச விலை அசையாது. இறக்குமதி அரிசியின் வரியும் முக்கியம். 2024 டிசெம்பரில் இறக்குமதிக்கு வழிவிட்டபோது அந்த வரி கிலோவுக்கு 65 ரூபா; அது குறைந்தால் கொழும்பு விலை இறங்கும். அடுக்கி வைத்த நெல்லுக்கு அதுதான் அடி.

பலர் தவறவிடுவது காலதாமதத்தை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டது. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. விளைச்சல் குறைந்தது மில் வாசலில் தெரிந்தது அடுத்த மாசியில். செய்தி வந்த மாதத்தையும் மில்லைத் தொடும் மாதத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

பொருளாதாரத்தில் முதலில் வட்டி. 2022 ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி கொள்கை வட்டியை (மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான வீதம்) ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. அதே அளவு உங்கள் கடனிலும் ஏறினால், 10 இலட்சம் ரூபா நெல்லை நான்கு மாதம் வைத்திருப்பதற்கு மேலதிகமாக 23,333 ரூபா வேண்டும். அரிசிக் கிலோவுக்கு 4 ரூபா 30 சதம். மின்கட்டணத்தையும் டீசலையும் இதேபோல் கிலோக் கணக்குக்குக் கொண்டுவாருங்கள்.

சுற்றாடல் பகுதியில் "வெள்ளம் வரலாம்" என்று எழுதி நிறுத்தாதீர்கள். வெள்ளம் நாசமாக்குவது ஒன்று, 2011 தை மாதத்தில் மட்டக்களப்பு, அம்பாறை வயல்கள் பட்டதுபோல. சத்தமில்லாமல் வருவது ஈரம். வெட்டு நேரம் மழை பெய்தால் 22 சதவீத ஈரத்தோடு நெல் வரும். 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் 100 கிலோ 90.7 கிலோவாகும். ஈர நெல்லை 120 ரூபாவுக்கே வாங்கினால் காய்ந்த கிலோ 132 ரூபா, அரிசிக் கிலோ 203. இடைவெளியில் பாதி போய்விட்டது. ஈரமானி இல்லாமல் இந்த வரியை நிரப்ப முடியாது.

சமூகத்தில் ரமழான் நோன்பு காலத்தைப் பாருங்கள். ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால் இப்போது அது வெட்டுக் காலத்தோடு சேர்ந்து வருகிறது. காத்தான்குடி, சாய்ந்தமருது கடைகளின் கஞ்சி அரிசித் தேவை அப்போதுதான் கூடும். தொழில்நுட்பத்தில் கலர் சோர்ட்டரை (நிறம் மாறிய மணியைப் பிரித்தெடுக்கும் இயந்திரம்) மட்டும் பார்த்தால் போதும்: அது வைத்திருக்கும் மற்ற மில்களின் கறுத்த மணி இல்லாத அரிசிக்குக் கடைக்காரர் பழகிவிட்டால் உங்கள் அரிசிக்கு விலை குறைத்துத்தான் கேட்பார். உங்கள் கொதிகலன் ஒழுகுவது இந்தத் தாளுக்கு உரியதல்ல. அது வெளியே நடப்பதல்ல, வீட்டுப் பிரச்சினை.

தாளில் ஐந்து நிரல் கீறுங்கள்: என்ன மாறலாம், எப்போது மில்லைத் தொடும், அரிசிக் கிலோவுக்கு எத்தனை ரூபா, முதலில் எங்கே தெரியவரும், தெரிந்ததும் என்ன செய்வது. மூன்றாம் நிரல் காலியாக இருக்கும் வரியை வெட்டிவிடுங்கள். நான்காவதில் "செய்தி" என்று எழுதுவது வீண். கமநல சேவை நிலையம், உன்னிச்சைக் குளத்து நீர்மட்டம், வர்த்தமானி, வங்கி முகாமையாளர் என்று இடத்தையும் ஆளையும் குறியுங்கள்.

பிறகு வரிகளைச் சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் அவை தனியாக வருவதில்லை. ஈர நெல்லும் வட்டி ஏற்றமும் ஒன்றாக வந்தால் மேலே உள்ள கணக்கில் ஏறத்தாழ 23 ரூபா போகிறது. மிச்சம் 17 ரூபா உங்கள் கூலிக்கும் மின்சாரத்துக்கும் போதாவிட்டால், நான்கு மாத நெல்லை ஒரேயடியாக வாங்காமல் ஆறு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

தாளை ஐப்பசியில் பயிர்ச்செய்கைக் கூட்டம் முடிந்ததும் ஒருமுறை, மார்கழிக் கடைசியில் ஒருமுறை, சிறுபோக வெட்டுக்கு முன் ஆடியில் ஒருமுறை திருத்தினால் போதும். இடையில் வர்த்தமானி வந்தால் அந்த வரியை மட்டும் மாற்றுங்கள்.