வேலை தருகிறேன் என்று பணம் கேட்பவரும், வேலை வாங்கிவிட்டுப் பணம் தராதவரும்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் படித்து முடித்தவர்களுக்கு வழி கொஞ்சம்தான். கீழே கோயம்புத்தூர், திருப்பூர் என்று இறங்கி ரூம் எடுத்துத் தங்க வேண்டும், இல்லையென்றால் வீட்டிலிருந்தே டிசைன், மொழிபெயர்ப்பு, டைப்பிங், வெப்சைட் என்று ஆன்லைனில் வேலை பிடிக்க வேண்டும். இரண்டாவது வழி பொய் இல்லை, உழைத்தால் பணம் வரும். ஆனால் ஊரை விட்டுப் போகாமல் சம்பாதிக்க வேண்டும் என்ற நம் தேவையை ஏமாற்றுகிறவர்களும் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், டெபாசிட், ஐடி கார்டுக்கு, லேப்டாப் கூரியருக்கு என்று என்ன பெயர் வைத்தாலும் சரி, வேலைக்கு முன்னால் உங்களிடம் ஒரு ரூபாய் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். லைக் போடு, ரேட்டிங் கொடு என்று டெலிகிராமில் தரும் டாஸ்க் வேலைகளில் முதல் நாள் நூறு, இருநூறு ரூபாய் நிஜமாகவே கணக்கில் விழும், அதை நம்பித்தான் அடுத்த நாள் கேட்கிற ஆயிரங்களைக் கட்டுகிறோம்.

இதைவிடக் கொடியது டேட்டா என்ட்ரி அக்ரிமென்ட். ஆதார், பான் வாங்கிக்கொண்டு, முத்திரைத்தாள் மாதிரி ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு வாரத்தில் நூற்றுக்கணக்கான படிவங்களை அடிக்க வேண்டும், 98 சதவீதம் பிழையில்லாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம் என்று போட்டிருக்கும். ஐப்பசி மழையில் மண் சரிந்து கரண்டும் நெட்டும் போகிற கோத்தகிரியில் உட்கார்ந்து மட்டுமில்லை, எங்கே உட்கார்ந்தாலும் அதை முடிக்க முடியாது, முடிக்கக் கூடாது என்றுதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். கடைசி நாளில் லாகின் ஆகாது. மறுநாள் ‘வக்கீல்’ போன் செய்வார், வாட்ஸ்அப்பில் அசோகச் சின்னம் போட்ட நோட்டீஸ் வரும், ‘இன்று மாலைக்குள் கட்டவில்லை என்றால் போலீஸ் வீட்டுக்கு வரும்’ என்பார்கள். அக்கம்பக்கம் தெரிந்தால் மானம் போய்விடும் என்று நகையை அடகு வைத்துக் கட்டுகிற வீடுகளை நினைத்தால் வயிறு எரிகிறது. தயவுசெய்து கட்டாதீர்கள். ஒப்பந்த வேலையை முடிக்காதது சிவில் விஷயம், அதற்காகப் போலீஸ் கைது செய்யாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, அபராதம் என்று எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் நீதிமன்றம் தராது. எந்த நீதிமன்றமும் ஜிபே நம்பர் அனுப்பிப் பணம் கேட்காது. பயமாக இருந்தால் 15100க்குப் போன் செய்யுங்கள், அது தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் எண். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு.

அப்புறம், ‘உங்கள் கணக்கில் பணம் வரும், கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்’ என்பது வேலையே இல்லை. அது யாரிடமோ ஏமாற்றிய பணம், கணக்கு முடங்கி வழக்கு உங்கள் பெயரில் வரும். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையில்லை, பின் போடச் சொன்னால் உங்கள் பணம் வெளியே போகப் போகிறது என்று அர்த்தம். கோடிங் தெரிந்தவர்கள், இன்டர்வியூ டெஸ்ட் என்று முன்பின் தெரியாதவர் அனுப்பும் ப்ராஜெக்ட் ஃபைலைச் சொந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டாதீர்கள், அதற்குள் பாஸ்வேர்டைத் திருடும் நிரல் இருக்கலாம்.

கம்பெனி என்று சொன்னால் ஜிஎஸ்டி எண் கேளுங்கள், ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் பெயரும் முகவரியும் இலவசமாகவே தெரியும். பெரிய கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டு ஜிமெயிலில் எழுதினால் சந்தேகப்படுங்கள். அப்வொர்க் மாதிரி ஃப்ரீலான்ஸ் வேலை பிடிக்கும் தளத்தில் ஒப்பந்தம் போடும் முன்பே ‘வாட்ஸ்அப்புக்கு வாங்க’ என்று இழுத்தால் போகாதீர்கள், வெளியே போனால் தளத்தின் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. மொத்தத் தொகை பேசிய வேலையில், மைல்ஸ்டோனுக்கான, அதாவது அந்தக் கட்ட வேலைக்கான பணம் எஸ்க்ரோவில் (தளமே பிடித்து வைத்திருக்கும் கணக்கில்) விழுந்த பிறகுதான் வேலையைத் தொட வேண்டும்.

நிஜமான ஆள், நிஜமான வேலை, ஆனால் பணம் மட்டும் வராது என்ற ரகம் நம் ஊரிலேயே இருக்கிறது. ஏப்ரலில் ஹோம்ஸ்டேக்கு வெப்சைட் கேட்பார், மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்துக்குள் வேண்டும் என்பார், நாம் ராத்திரி பகலாக உட்கார்ந்து முடித்துக் கொடுத்தால் ‘சீசன் முடியட்டும் தம்பி, பார்த்துக்கலாம்’ என்பார். சீசன் முடிந்ததும் மழை, ஆளே வரவில்லை என்பார். தெரிந்தவர், அண்ணன் என்று கூச்சப்படாமல் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்குங்கள். எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், என்றைக்குப் பணம், கரண்ட் இல்லாத நாள் கெடுவில் சேராது என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுதி ‘சரி’ என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மீதிப் பணம் வரும்வரை சைட் உங்கள் சர்வரிலேயே இருக்கட்டும். சாம்பிள் கேட்டால் பழைய வேலையைக் காட்டுங்கள். பத்துப் பேரிடம் ஆளுக்குப் பத்துப் பக்கம் சாம்பிள் வாங்கி ஒரு புத்தகத்தையே இலவசமாக மொழிபெயர்த்துக்கொள்ள முடியும். டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே பிடித்தோம் என்று குறைத்துக் கொடுத்தால், அந்தத் தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், தனி ஆளாக வேலை செய்பவரும் பதியலாம். வேலை எடுப்பதற்கு முன்பே பதிந்து வைத்திருந்தால், 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கும். வேலையை வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சிறு தொழில்களுக்கான மத்திய அமைச்சகத்தின் தளத்தில் புகார் கொடுக்கலாம். இந்தச் சட்டத்தைச் சொல்லி மரியாதையாக ஒரு மெயில் போட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே பணம் போய்விட்டதா? வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்கு முன் 1930க்குப் போன் செய்யுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் வங்கியில் முடக்க முடியும். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிந்துவிடுங்கள். கோபத்தில் சாட்டை அழிக்காதீர்கள், நம்பரை பிளாக் செய்யும் முன் அதையும், பணம் போன பரிவர்த்தனை எண்ணையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், புகாருக்கு அதுதான் ஆதாரம்.