மனசு ஓடாத நாளுக்குச் சில சில்லறை வேலைகள்

எதிலும் மனசு ஓடாத நாளில் பாத்திரம் தேய்க்கப் போகாதீர்கள். தேய்த்து முடித்த தொட்டி மத்தியானமே திரும்ப நிரம்பிவிடும்; 'என்ன செய்தும் தீரலையே' என்ற சலிப்புதான் மிஞ்சும். வீடு பெருக்குவதும் துணி மடிப்பதும் இதே ரகம்தான். அவற்றை எப்படியும் செய்தாக வேண்டும், சரி. ஆனால் சோர்ந்து கிடக்கிற ஆளை எழுப்பி உட்கார வைக்க, ஒரு தடவை முடித்தால் சில வாரமாவது முடிந்தபடியே இருக்கிற வேலை வேண்டும்.

முதல் சிபாரிசு, காபி ஃபில்டர். டிகாஷன் இறங்க அடம்பிடித்தால் மேல் பாத்திரத்தின் துளைகள் அடைத்திருக்கின்றன என்று அர்த்தம். எவர்சில்வர் ஃபில்டர் என்றால், காலி மேல் பாத்திரத்தை இடுக்கியால் பிடித்து, துளைப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் அடுப்புத் தீயில் காட்டுங்கள். அடைத்திருக்கும் தூள் கருகிவிடும். நன்றாக ஆறிய பிறகு தட்டி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பாருங்கள். துளைக்குத் துளை வெளிச்சம் தெரியும். அதுதான் கூலி. மறுநாள் காலை காபியிலும் ஒரு பங்கு கிடைக்கும்.

நான் ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். ஆர்டர் குவிந்துகிடக்கும்போதுதான் கை வராது. அப்போது வாடிக்கையாளர் துணியைத் தொடவே மாட்டேன். மெஷினின் ஊசித் தகட்டைக் கழற்றி, அடியில் துணியை நகர்த்தும் பல்லுக்கு நடுவே அடைந்திருக்கும் பஞ்சைப் பிரஷ்ஷால் எடுப்பேன். எண்ணெய்த் துளைகளில் சொட்டுச் சொட்டாக மெஷின் ஆயில் விட்டு, ஒரு கந்தல் துணியில் சும்மா ஓட்டுவேன். (கந்தல் முக்கியம், இல்லாவிட்டால் எண்ணெய்க்கறை யாரோ ஒருத்தரின் பட்டுப் பிளவுஸில் விழும்.) பிறகு வெள்ளை, கறுப்பு நூலில் பாபின் சுற்றி வைப்பேன். மெஷின் சத்தம் மாறிவிடும். பாதி நாள், அந்தச் சத்தத்திலேயே அடுத்த துணியைக் கை தானாக எடுத்துவிடும். எடுக்காவிட்டாலும் போகட்டும், மெஷின் தயார்.

உற்சாகம் வரட்டும், பிறகு வேலையைத் தொடலாம் என்று காத்திருந்தால் கதை நடக்காது. மனச்சோர்வு சிகிச்சையிலேயே 'பிஹேவியரல் ஆக்டிவேஷன்' என்று ஒரு முறை இருக்கிறது. 1970-களில் பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு வழி போட்டவர்களில் ஒருவர். சோர்வு வந்தால் வேலைகளை விட்டுவிடுகிறோம். விட்டதால் அவற்றில் கிடைத்த திருப்தியும் போய், சோர்வு இன்னும் ஏறுகிறது. அதனால் முதலில் செயல், மனநிலை பின்னால் வரட்டும் என்பது கணக்கு.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லை, தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போயிற்று என்றால் அதை ஃபில்டர் கழுவிச் சரிசெய்ய முடியாது. டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸ் எண் 14416. காசில்லை, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள்.

வேலைக்கு விளிம்பு இருக்க வேண்டும். 'அலமாரியை ஒழுங்குபடுத்தணும்' என்று இறங்கினால் மாலைவரை துணிக்குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருப்பீர்கள். மேல்தட்டு மட்டும், அதுவும் போர்வைகள் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுந்த சட்டைப் பொத்தான், கேஸ் பர்னர் அடைப்பு எல்லாம் நல்ல தேர்வு. கரண்ட் பில் கட்டினால் இரண்டு மாதம் கவலையில்லை. முடிந்ததும் உடனே அடுத்ததற்குத் தாவாமல் கொஞ்சம் உட்காருங்கள்.

மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது பெரிய வேலையும் ஒன்று உண்டு. கொட்டையும் நாரும் எடுத்து, வெயிலில் காயவைத்து, கல்லுப்பு போட்டு ஜாடியில் அமுக்கிவிட்டால் வருஷம் முழுக்க அந்தப் பேச்சே இல்லை. அதை மட்டும் தனியாகச் செய்யாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள், அவங்க புளியையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.