இரவல் குரலை இனங்காண்பது எப்படி

கொழும்பில் இருந்து தமிழில் கதை எழுதுபவருக்கு வரும் முதற் சோதனை, காதில் விழும் தமிழை விட்டுவிட்டு, வாசித்துப் பழகிய தமிழில் எழுதத் தொடங்குவதுதான். எனது முதற் கதையில், வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றில் வசிக்கும் யாழ்ப்பாணத்து அம்மம்மா தன் கணவரிடம், "என்னங்க, காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். என் அம்மம்மா வாழ்நாளில் ஒருமுறையும் அப்படிக் கேட்டதில்லை, "இஞ்சேருங்கோ, தேத்தண்ணி ஊத்தட்டே?" என்பதே அவருடைய பேச்சு. தமிழ்நாட்டுத் தொடர்கதைகளிலிருந்து வந்த அந்த "என்னங்க" இரவல் என்பது எழுதும்போது எனக்குத் தெரியவே இல்லை.

ஆகவே எழுதி முடித்த கதையை ஒரு வாரம் மூடிவைத்து, பின்னர் வாய்விட்டு வாசியுங்கள். உரையாடல் வரும் இடமெல்லாம், இந்தச் சொல்லை இப்படிப்பட்ட ஒருவர் வாயிலிருந்து நான் கேட்டிருக்கிறேனா என்று நிறுத்திக் கேட்டு, இல்லையெனில் பென்சிலால் கோடிடுங்கள். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய்வரும் நேரத்திலேயே மலையகத் தமிழ், முஸ்லிம்களின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களச் சொல் கலந்த கொட்டாஞ்சேனைத் தமிழ் என நாலைந்து வகைப் பேச்சு காதில் விழும். கேட்டதை அன்றிரவே கொப்பியில், யார் யாரிடம் சொன்னது என்பதோடு எழுதிவையுங்கள். வட்டாரச் சொல்லை அலங்காரமாகத் தூவுவதும் ஒருவகை இரவல்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. பேச்சுவழக்கில் எழுதப்பட்டதை "இழிசனர் வழக்கு" என்று பழித்து 1960களில் இலங்கையில் பெரிய விவாதமே நடந்தது. 1970களின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வீரகேசரி நிறுவனம் உள்ளூர் நாவல்களைத் தொடர்ச்சியாக வெளியிட்டு அவற்றுக்கு வாசகர்களையும் தேடிக்கொடுத்தது.

மொழியைவிடக் கடினமானது பொருள். கொழும்பிலே பிறந்து வளர்ந்து, பதுங்குகுழியைக் கண்ணாலும் கண்டிராத நான், போட்டி நடுவர்களுக்குப் பிடிக்கும் என்ற எண்ணத்தில் வன்னியைப் பற்றி மூன்று கதைகள் எழுதினேன். அவற்றில் வரும் எல்லாத் தாய்மாரும் ஒரே மாதிரி அழுதார்கள், எல்லாப் பனைகளும் ஒரே மாதிரிக் கருகி நின்றன. அனுபவிக்காததை எழுதவே கூடாது என்பதல்ல என் கருத்து. கேட்டு, விசாரித்து, அங்கே போயிருந்து எழுதலாம். நான் அதில் ஒன்றையும் செய்யவில்லை. உங்கள் கதையின் பொருளும் இரவலோ என்ற ஐயம் இருந்தால், கையாலும் மூக்காலும் அறிந்தவற்றை மட்டும் ஒரு பக்கத்துக்கு எழுதிப் பாருங்கள். எனது பக்கத்தில், உப்புக்காற்றில் துருவேறி, துடைக்கத் துடைக்கத் துணியைச் செம்மஞ்சளாக்கும் யன்னல் கம்பியும், சோதனைச் சாவடி கண்டதும் அப்பா அடையாள அட்டையைச் சட்டைப் பையில் தொட்டுப்பார்க்கும் விதமும் வந்தன. யுத்தம் எங்கள் வீட்டுக்குள் வந்த வழி அந்தச் சட்டைப் பைதான் என்று அப்போதுதான் விளங்கியது. அதிலிருந்து பிறந்த கதைக்குப் பரிசு கிடைக்கவில்லை.

இனி, பிரசுரம். எழுத்துப்பிழையையும் தகவற்பிழையையும் ஆசிரியர் திருத்தினால் நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு சஞ்சிகை, எனது கதையிலிருந்த "கதைத்தாள்" என்பதையெல்லாம் "பேசினாள்" என்று மாற்றி, என்னிடம் ஒரு வார்த்தையும் கேளாமல் அச்சிட்டுவிட்டது. அதன்பின், மாற்றக்கூடாத சொற்களைக் கதையை அனுப்புவதற்கு முன்பே அரைப்பக்கத்தில் எழுதி, காரணத்தோடு இணைத்துவிடுகிறேன். சிலர் அதைப் பார்த்ததும் கதையைத் திருப்பி அனுப்புவார்கள்; அந்த அரைப்பக்கத்தோடேயே அடுத்த சஞ்சிகைக்கு அனுப்புவேன்.