பிடித்த கியூவிசி தொகுப்பாளர் திரையை விட்டுப் போய்விட்டாரா? செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் டிவியிலேயே பொருள்களைக் காட்டி விற்கும் கியூவிசி சேனலைப் பல வருஷமாகப் பார்க்கிறவர்களுக்கு 2014 மறந்திருக்காது. 1995 முதல் அங்கே தொகுப்பாளராக இருந்த லிசா ராபர்ட்சன் கிளம்பப்போவதாக அந்த அக்டோபரில் செய்தி வந்தது, டிசம்பரோடு போய்விட்டார். அதுவாவது முன்கூட்டியே தெரிந்தது. சிலர் சத்தமே இல்லாமல் காணாமல் போவார்கள்.

அப்படி ஆனால் முதலில் பதறாதீர்கள். லீவாக இருக்கலாம், நீங்கள் தூங்கும் நேரத்துக்கு ஷிஃப்ட் மாறியிருக்கலாம். சேனலின் தளத்தில் தொகுப்பாளர்கள் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் அவருடைய சொந்தப் பக்கத்துக்குப் போங்கள். "வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள்" என்று அலறும் யூடியூப் வீடியோக்களைத் திறக்கவே வேண்டாம்.

அடுத்தது உங்கள் ஆர்டர்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அவர் சொன்னார் என்பதற்காக ஆட்டோ டெலிவரியில் (குறித்த இடைவெளியில் தானாகவே அனுப்பும் ஏற்பாடு) போட்ட முகக்கிரீம், அவர் போன பிறகும் வந்துகொண்டேதான் இருக்கும். ஈஸி பே தவணையும் கார்டில் பிடித்துக்கொண்டே போகும். கணக்கைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள், உண்மையிலேயே பயன்படுத்துவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துங்கள். புதிதாக வந்தது பிடிக்கவில்லையென்றால் ரிட்டர்ன் செய்யப் பொதுவாக 30 நாள் உண்டு. இன்னொன்று, திரையில் மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் தொகுப்பாளர் சேனலின் ஆள், அந்தப் பக்கம் விருந்தினராக வருபவர் பெரும்பாலும் பொருளை விற்கும் கம்பெனியின் ஆள். தொகுப்பாளர் போனால் பொருளும் போய்விடும் என்று பயந்து நாலு டப்பா வாங்கி அடுக்க வேண்டியதில்லை.

லிசா விலகிய பிறகு சொந்தப் பெயரிலேயே விற்பனை தொடங்கினார். மற்றவர்களும் அப்படிச் செய்யலாம், அதனால் தேடுவதில் தப்பில்லை. ஆனால் தெரிந்த முகத்தை ஒட்டி இளைக்கும் மாத்திரை விற்கும் போலி விளம்பரங்கள் ஏராளம். அவருடைய பக்கத்தில் இருக்கும் இணைப்பு வழியாகப் போய் மட்டும் வாங்குங்கள்.

புதிதாக வருபவரைக் கொஞ்ச நாள் கார்டை எடுக்காமல் பாருங்கள். எழுதிவைத்த வசனம் இல்லாமல் மணிக்கணக்கில் நேரலையில் பேசுவது லேசான வேலையில்லை, பாவம், பழக நேரம் கொடுங்கள். "இன்னும் கொஞ்சம்தான் பாக்கி" என்று அவர் பரபரத்தால் நீங்களும் பரபரக்காதீர்கள். விற்பனை நிலவரத்தைத் தயாரிப்பாளர் காதுக்குள் சொல்லச் சொல்ல வருகிற பேச்சு அது.

போனவருக்கு எழுத ஆசையா? தாராளமாக எழுதுங்கள். எங்கே இருக்கிறார், ஏன் போனார் என்று மட்டும் குடையாதீர்கள். தன்னை நேரில் வேவுபார்த்துத் துரத்தியவர்களால் பட்ட தொல்லையைப் பற்றி லிசாவே பிறகு வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.