வளையம் தெரிந்தால் போதுமா? அதிவேக வெக்டர் கற்றைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறுக்குவெட்டில் இடத்துக்கு இடம் தளவிளைவு (ஒளியின் மின்புலம் அதிரும் திசை) மாறும் லேசர் கற்றையை, அதாவது வெக்டர் கற்றையை, உருவாக்கப் பார்ப்பவர்கள் முதலில் ஏமாறுவது கேமராவிடம்தான். நடுவில் இருட்டு, சுற்றிலும் ஒளி வளையம். உடனே ஆரத்திசைத் தளவிளைவு (எல்லா இடத்திலும் மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் அதிர்வது) கிடைத்துவிட்டதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரே திசையில் தளவிளைவுற்ற சுழல் கற்றையும் (அலையின் கட்டம் மையத்தைச் சுற்றி முறுக்கிக்கொண்டு போகும் கற்றை) இதே வளையத்தைத்தான் காட்டும். கேமராவுக்கு முன்னால், ஒரு திசை அதிர்வை மட்டும் விடும் போலரைசரை வைத்தால் வளையம் இரண்டு மடல்களாக உடைய வேண்டும். ஆரத்திசைக் கற்றையில் மடல்கள் போலரைசரின் அச்சிலேயே அமரும். வளையத்தை ஒட்டியே அதிரும் தொடுகோட்டுத் திசைக் கற்றையில் அதற்குச் செங்குத்தாக. ஒரு கோணத்தில் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது, சுழற்றிப் பாருங்கள். மடல்கள் எதிர்த்திசையில் சுழன்றால் உங்களிடம் இருப்பது வேறொரு வடிவம்.

இதைவிடப் பெரிய தவறு, அதிவேக லேசர் தரும் மிகக் குறுகிய ஒளித் துடிப்பை ஒரே நிறமாக நினைப்பது. 800 நானோமீட்டரை மையமாகக் கொண்ட 10 ஃபெம்டோவிநாடித் துடிப்பு (ஒரு ஃபெம்டோவிநாடி, விநாடியில் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு) மணி போன்ற காஸ் வடிவில் இருந்தால், அதற்குக் குறைந்தது 94 நானோமீட்டர் அலைநீள விரிவு தேவை. தளவிளைவை மாற்றும் தகடு அத்தனை நிறத்துக்கும் அரை அலைத் தகடாக (ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு கூறுகளுக்கிடையே அரை அலை தாமதம் தருவதாக) இருக்குமா? 800-இல் பத்தரை அலை தாமதம் தரும் பல்வரிசைத் தகடு, 750-க்குப் போனால் ஏறத்தாழ 11.2 அலை தாமதம் தரும். முழு அலைகளைக் கழித்தால், அரை அலை இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தில் ஓர் அலைதான் மிஞ்சுகிறது. வெறும் அரை அலை மட்டும் தாமதிக்கும் பூச்சிய வரிசைத் தகட்டில் அது 0.53 அலையாகத்தான் மாறும், சமாளித்துவிடலாம். கேமரா எல்லா நிறங்களையும் கூட்டிக் காட்டுவதால் இந்தக் கோளாறு மடல்கள் சற்றே மங்கியதுபோல மட்டும் தெரியும். குறுகிய பட்டை வடிகட்டிகளை ஒவ்வொன்றாக வைத்து, நிறவாரியாகச் சோதிப்பதே நம்பகமான வழி. 100 ஃபெம்டோவிநாடி என்றால் விரிவு 9 நானோமீட்டர்தான். அங்கே இவ்வளவு பதற வேண்டாம்.

கண்ணாடியின் தடிமனும் அப்படித்தான். 5 மில்லிமீட்டர் உருகிய சிலிக்கா 10 ஃபெம்டோவிநாடித் துடிப்பை 50 வரை நீட்டிவிடும். நீளத்தைத் தகட்டுக்கு முன்னால் அளந்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அளப்பது வேறொரு துடிப்பை!

குறுக்கீட்டுமானி (கற்றையை இரு பாதைகளில் பிரித்து மீண்டும் சேர்க்கும் கருவி) வழியாக, எதிரெதிர் வட்டத் தளவிளைவுள்ள (மின்புலம் ஒன்றில் வலமாகவும் மற்றதில் இடமாகவும் சுழலும்) இரு சுழல் கற்றைகளைச் சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இரு பாதைகளின் நீள வேறுபாடு 400 நானோமீட்டர் நகர்ந்தாலே ஆரத்திசை தொடுகோட்டுத் திசையாகிவிடும். மேசை அதிர்வே போதும்.

கருவிகளை எந்த வரிசையில் வைக்கிறீர்கள் என்பதிலும் கவனம் தேவை. கற்றையை உருவாக்கிய பிறகு 45 பாகையில் வைத்த எதிரொளிக்கும் ஆடியால் திருப்பினால், அதன் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு கட்ட மாற்றம் பெறும். துடிப்பைக் குறுக்கும் அமுக்கியிலுள்ள கீற்றணிகள் (நுண்கோடுகள் பொறித்த பரப்புகள்) ஒரு திசையை மட்டுமே திறமையாகக் கடத்தும். ஒளியின் அதிர்வெண்ணை இருமடங்காக்கும் முதல் வகைப் (Type I) படிகமும் ஒரு திசைக் கூறை மட்டும் எடுத்துக்கொண்டு, வளையத்தை இரு மடலாக்கிவிடும். ஆகவே அமுக்குவது, இரட்டிப்பது எல்லாம் முடிந்த பிறகே மாற்றும் தகடு வர வேண்டும். இரட்டித்திருந்தால் 400 நானோமீட்டருக்கென வடிவமைத்த தகடு. அந்த இடத்தில் துடிப்பின் உச்சத் திறன் மிக அதிகம் என்பதால், தகட்டின் சேத வரம்பைப் பார்த்து, கற்றையை விரித்து அனுப்புங்கள்.