மைபை தவறான காரணம் சொன்னால்: இம்போர்ட் பிழைச்செய்தியைத் திருத்தும் முறை

ஒரு பைத்தான் நூலகத்துக்கு ஸ்டப் தொகுப்பு (அதன் வகைக் குறிப்புகள் மட்டும் உள்ள துணைத் தொகுப்பு) பைத்தான் தொகுப்புகளின் களஞ்சியமான பைபிஐ தளத்தில் இருக்கிறது. ஆனாலும் பைத்தான் நிரலின் வகைகளைச் சோதிக்கும் கருவியான மைபை "ஸ்டப் இல்லை, தவிர்க்கிறேன்" என்று மட்டும் சொல்கிறது. எதை நிறுவ வேண்டும் என்று சொல்வதில்லை. படிப்பவர் டைப் இக்னோர் (அந்த வரியின் பிழையைக் கண்டுகொள்ளாதே என்னும் குறிப்பு) போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அதோடு அந்த நூலகத்துக்கான வகைச் சோதனை போயிற்று. இதைத் திருத்த ஒரு வரி போதும்.

முதலில் மைபை மூலநிரலை கிட்ஹப்பிலிருந்து குளோன் செய்து, தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (தனித்த பைத்தான் சூழல்) ஒன்றை அமையுங்கள்.

அப்புறம் பிழைச்செய்தியின் ஒரு துண்டை எடுத்து மூலநிரலில் கிரெப் கட்டளையால் தேடுங்கள். டீபக்கரைத் திறப்பதைவிட இதுதான் வேகம். மாட்யூல்ஃபைண்டர் கோப்பில் போய் நிற்பீர்கள். அங்கே நான்கு காரணங்கள்: ஒன்று, மாட்யூல் கிடைக்கவில்லை; இரண்டு, கிடைத்தது, ஆனால் வகைக் குறிப்பு இல்லை; மூன்று, தவறான கோப்புறையிலிருந்து ஓட்டுகிறீர்கள்; நான்கு, ஸ்டப் உண்டு, ஆனால் நிறுவவில்லை. நான்காவது வர வேண்டிய இடத்தில் இரண்டாவது வருவதுதான் நம் பிழை.

நான்காவது வருமா என்பதை முடிவு செய்வது ஸ்டப்இன்ஃபோ கோப்பில் இருக்கும் அட்டவணை. இடப்பக்கம் இம்போர்ட் பெயர், வலப்பக்கம் பைபிஐ பெயர். 'டேட்யூட்டில்' என்றால் 'டைப்ஸ்-பைத்தான்-டேட்யூட்டில்'. விடுபட்ட நூலகத்தை இப்படியே சேருங்கள்.

நான் ஒரு மாலை முழுக்க மாட்டிக்கொண்டது இங்கேதான். பிப் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) நிறுவிய மைபையிலேயே அந்தக் கோப்பைத் திருத்தினேன். செய்தி மாறவில்லை. மைபை கேஷை அழித்தேன், பிரிண்ட் போட்டேன், அதுவும் அச்சாகவில்லை. காரணம், பிப் இறக்கும் மைபை பொதுவாக மைபைசி என்னும் கம்பைலர் மூலம் சி நிரலாக்கித் தொகுக்கப்பட்டது. தொகுத்த கோப்பு பக்கத்தில் இருந்தால் பைத்தான் அதைத்தான் எடுக்கும். நீங்கள் திருத்திய கோப்பைத் தொடவே தொடாது. சந்தேகம் வந்தால் அந்த மாட்யூலின் 'ஃபைல்' மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள். லினக்ஸில் 'டாட் எஸ்ஓ' என்று முடிந்தால் இதுதான் சிக்கல். பிப் இறக்கிய அந்த மைபையை நீக்கிவிட்டு, குளோன் செய்த கோப்புறையிலிருந்து எடிட்டபிள் முறையில் (மூலநிரலில் செய்யும் திருத்தம் நேரடியாகப் பலிக்கும் முறை) நிறுவுங்கள்.

சரி, மாற்றம் வேலை செய்கிறதா? டேட்யூட்டிலை ஸ்டப் இல்லாமல் நிறுவி, அட்டவணையில் அதன் வரியை நீக்கி ஓட்டுங்கள், செய்தி மாறும். வரியைத் திரும்பப் போட்டால், நிறுவ வேண்டிய பிப் கட்டளையே குறிப்பாக வரும். கடைசியாக டெஸ்ட்ஸ்டப்இன்ஃபோ கோப்பில் உங்கள் நூலகத்துக்கு ஒரு அசர்ட் (சரிபார்ப்பு வரி) சேர்த்து, பைடெஸ்ட் என்னும் சோதனைக் கருவியில் அந்தக் கோப்பை மட்டும் ஓட்டுங்கள்.

பிற்சேர்க்கை: 'கூகுள்' என்று மட்டும் சேர்த்த ஒருவருக்கு வேலை செய்யவில்லை. அது பல தொகுப்புகள் பகிரும் நேம்ஸ்பேஸ். 'கூகுள்', புள்ளி, 'புரோட்டோபஃப்' என்று முழுப்பெயரையும் ஸ்டப்இன்ஃபோ கோப்பிலேயே இருக்கும் நேம்ஸ்பேஸ் அட்டவணையில் கொடுக்க வேண்டும்.